சமதளம்

"சமதளத்தில் நடங்க" என்றார் எலும்பு டாக்டர்,
நாகர்கோவிலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல்.
வடசேரிக்கு இறக்கம், கோட்டாறுக்கு இறக்கம்,
திரும்பி வந்தால் இரண்டுமே ஏற்றம்.

அருள்சிங்குக்குத்தான் தெரிந்திருந்தது.
"தாழக்குடிப் பக்கம் சானல்கரை இருக்குல்லா,
தண்ணிக்கு மேடு ஏறத் தெரியாது பாத்துக்கிடுங்க.
அது போற வழியே போனா முட்டு வலிக்காது."
ஆட்டோவை மதகடியில் நிறுத்தி
என்னையும் ஊன்றுகோலையும்
தனித்தனியாக இறக்கினான்.

மதகின் நெற்றியில் சங்கு முத்திரை.
ராஜா போயாயிற்று, திருவிதாங்கூர் போயாயிற்று.
பலகை இடுக்கில் ஒழுகும் தண்ணீரை
இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது
பாசி பிடித்த சங்கு.

முதல் நாள் நூற்றிருபது அடி.
கன்னிப்பூ கதிர் தள்ளுகிற மாதம்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புறப்பட்ட காற்று
வயலை ஒரு தரம் வாரிவிட்டு
என் சேலையையும் வாரப் பார்த்தது.
வடக்கே தாடகை மலை மல்லாந்து கிடந்தாள்.
இரண்டு மாதம் நானும் அப்படித்தான் கிடந்தேன்.
அவளை யாரும் நடக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் படித்துறை.
எருமை ஒன்று, சோப்பு நுரையில் ஒரு சிறுவன்,
கரையில் மாடன் பீடம்,
பீடத்தின் மேல் காய்கிற பள்ளிச் சீருடை.

மூன்றாம் வாரம் சுமைதாங்கி.
இரண்டு கல் நின்றன, ஒரு கல் படுத்திருந்தது.
படுத்த கல்லின் விளிம்பில் எழுத்து.
கொல்லம் ஆண்டில் முன்னிரண்டு இலக்கம் உண்டு,
பின்னிரண்டைக் காற்று தின்றுவிட்டது.
பெயரில் முன்பாதி இல்லை,
'ம்மை' மட்டும் மிச்சம்.

"வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு வைப்பாவ"
என்றான் அருள்சிங், சாயாக் கடைக்குப் போகிற அவசரத்தில்.
"அவ எறக்காத பாரத்த
வழியில போறவங்க எறக்கட்டும்ணு."

என் தோளுக்குச் சற்றே கீழே வந்தது கல்.
முழங்கையை ஊன்றினேன்.
வெயில் ஏறாத கல்லின் குளிர்
மணிக்கட்டு வரை வந்து நின்றது.
நன்றி சொல்ல ஒரு பெயர் வேண்டாமா?
திங்கட்கிழமை உலகம்மை என்றேன்.
செவ்வாய்க்கு நீலம்மை.
புதன் மழை, போகவில்லை.
வியாழன் பிச்சம்மை என்று வாயில் வந்தது,
என்னவோ போலிருந்தது, மாற்றிச் சொன்னேன்.

வெள்ளியன்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்:
"கொஞ்சம் அந்தால தள்ளி நில்லு மக்கா."
தலைநிறையப் புல்லுக்கட்டு,
கட்டுக்குள்ளிருந்து அடிக்கிற செல்போன்.
முதுகைத் துளி வளைக்காமல்
கல்லின் மேல் கட்டைச் சரியவிட்டாள்.
"கேஸ் வண்டியா? சாவி சன்னல்ல இருக்கு"
என்று போனை வைத்தாள்.

தூக்கிவிட வேண்டுமே என்று
கோலைக் கல்லில் சாய்த்து இரு கையும் நீட்டினேன்,
எதையும் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தும்.
அவள் சிரித்தாள்.
குனிந்து தலையைக் கட்டுக்கு அடியில் கொடுத்தாள்,
நிமிர்ந்தாள், போய்விட்டாள்.
ஆள் துணை இல்லாதவளுக்கென்றே
யாரோ அளந்து வைத்த உயரம் அது.
நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.
சேலையில் புல் ஒட்டியிருந்தது.
கோல் இல்லாமல் நின்றிருக்கிறேன் என்பது
அப்புறம்தான் தெரிந்தது, தெரிந்ததும் கால் நடுங்கியது,
கோலை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரித் தாளில் தினமும் நிரப்ப ஒரு கட்டம்:
'நடையில் உதவி செய்தவர்.'
இதுவரை கோடு போட்டு வந்தேன்.
அன்றைக்கு எழுதினேன்:
கல் ஒன்று. பெயர் பாதி தெரியும்.

டாக்டர் அந்தத் தாளைப் படிப்பதில்லை.
கையெழுத்து மட்டும் போடுவார்.